வாரண்ட் வாங்கலியோ, வாரண்ட்!

வாரண்ட் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வாசலில் காக்கிச்சட்டை, கொல்லைப்புறமாக எகிறிக் குதிக்கும் வீட்டுக்காரர். பங்குச் சந்தையிலும் ஒரு வாரண்ட் உண்டு சார். இது ஆளை அரெஸ்ட் பண்ணாது. பணத்தை மட்டும் சில சமயம் உள்ளே தள்ளிவிடும். ஜாமீனில் எடுக்க வக்கீல் கிடையாது.

அது என்ன என்று விளக்க, நமக்குத் தெரிந்த ரியல் எஸ்டேட்டுக்கே போவோம். ஊரப்பாக்கம் பக்கம் ஒரு மனை. இன்றைய விலை 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பணத்தையும் எண்ணி வைத்து, ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டால் மனை உங்களுடையது. அதில் நிற்கும் மாமரம் உங்களுடையது. காய்க்கும் மாங்காயும் உங்களுடையது. இதுதான் ஷேர். மாங்காய்க்கு அங்கே டிவிடெண்ட் என்று பெயர்.

இப்போது சொந்தக்காரர் வேறு ஒரு வழி சொல்கிறார். "தம்பி, மூணு வருஷத்துக்குள்ளே என்னிக்கு வந்தாலும் இந்த மனையை 25 லட்சத்துக்குத் தரேன். அதுவரைக்கும் வேறே யாருக்கும் விக்க மாட்டேன். இந்த வாக்குக்காக இப்ப ஒரு 2 லட்சம் வெச்சுட்டுப் போ. அந்த 2 லட்சம் விலையில கழியாது." இதுதான் வாரண்ட். மூன்று வருஷத்தில் மனை 40 லட்சம் ஆனால் நீங்கள் ராஜா. 24 லட்சத்தில் நின்றுவிட்டால், 24 லட்ச ரூபாய் மனையை 25 கொடுத்து வாங்க நீங்கள் என்ன இளிச்சவாயரா? வாங்க மாட்டீர்கள். 2 லட்சம் போச்சு. மூன்று வருஷ மாங்காயும் சொந்தக்காரர் வீட்டு ஊறுகாய் ஜாடிக்குப் போயிருக்கும்.

மனை விலை 20-லிருந்து 24-க்கு ஏறியிருக்கிறது, கவனித்தீர்களா? உங்கள் கணிப்பு சரி. ஆனாலும் உங்கள் பணம் பூஜ்யம். வாரண்டின் விசேஷமே இதுதான்.

இதை யாராவது சும்மா கற்பனை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அமெரிக்காவரை ஒரு நடை போய் வருவோம்.

2008-ல் அமெரிக்க பாங்குகள் வரிசையாகக் கவிழ ஆரம்பித்தபோது அந்நாட்டு அரசாங்கம் பணத்தைக் கொட்டித் தூக்கி நிறுத்தியது. பாங்க் ஆஃப் அமெரிக்காவுக்குக் கொடுத்தது மட்டும் 45 பில்லியன் டாலர். பதிலுக்கு அரசாங்கம் பத்து வருஷ வாரண்டுகளை வாங்கி வைத்துக்கொண்டது. பாங்க் கடனைத் திருப்பிக் கட்டியதும், 2010 மார்ச்சில் அந்த வாரண்டுகளைப் பொதுமக்களுக்கு ஏலம் விட்டது. இரண்டு ரகம். 'ஏ' வாரண்ட்: 13.30 டாலருக்கு ஒரு ஷேர் வாங்கும் உரிமை, 2019 ஜனவரி வரை. ஏலத்தில் போன விலை 8.35 டாலர். 'பி' வாரண்ட்: 30.79 டாலருக்கு வாங்கும் உரிமை, 2018 அக்டோபர் வரை. போன விலை 2.55 டாலர். அன்றைக்கு ஷேர் விலை 16 டாலர் சொச்சம்.

மூன்று பேர் மூன்றையும் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷேர்க்காரர், ஏ-காரர், பி-காரர். யார் முகத்தில் ரொம்பச் சந்தோஷம்? சந்தேகமில்லாமல் பி-காரர்தான். 16 டாலர் சரக்கைச் சுற்றிப் பார்க்க வெறும் இரண்டரை டாலர்!

2011 டிசம்பரில் ஷேர் 5 டாலருக்கும் கீழே இறங்கியது. ஷேர்க்காரர் தலையில் துண்டு. வாரண்ட்காரர்கள் இருவரும் துண்டுகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மெல்ல மெல்ல ஏறி, 2018 மார்ச்சில் 32 டாலரைத் தாண்டியது. பி-காரருக்கு எட்டு வருஷத்துக்கப்புறம் உயிர் வந்தது. 30.79-க்கு மேலே போய்விட்டதே! இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்தார். அக்டோபர் வந்தது. ஷேர் விலை 26 டாலர் சுமாருக்கு இறங்கி நின்றது. வாரண்ட் காலாவதி. கையில் இருந்தது காகிதம்கூட இல்லை, கம்ப்யூட்டரில் ஒரு வரி, அதுவும் அழிந்தது.

அதற்கடுத்த வருஷக் கடைசியில், 2019 டிசம்பரில், அதே ஷேர் 35 டாலர்! செத்த பிறகு வந்த ஆம்புலன்ஸ்.

ஏ-காரர் கதி? 2019 ஜனவரியில் ஷேர் 28 டாலர் சுமார். 13.30 போக அவருக்கு 15 டாலர் சில்லறை. எட்டே முக்கால் வருஷத்தில் 8.35 என்பது ஏறக்குறைய இரட்டிப்பு. பரவாயில்லையே என்றுதான் தோன்றும். ஆனால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த ஷேர்க்காரரும் 16-ஐ 28 ஆக்கியிருந்தார், நடுவில் டிவிடெண்டும் வாங்கியிருந்தார். இருவருக்கும் கிடைத்த சதவீதத்தில் பிரமாத வித்தியாசம் ஒன்றும் இல்லை. அதற்காக ஏ-காரர் பட்ட நெஞ்சுவலிதான் உபரி.

சரி, வாரண்ட் எவ்வளவு விலை என்று கண்டுபிடிப்பது எப்படி? இங்கேதான் முக்கால்வாசிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். வாரண்டின் விலையைப் பார்த்துவிட்டு "அடேடே, மலிவு" என்கிறார்கள். விலைச்சீட்டில் இருப்பது விலையே இல்லை சார். முழுக்கணக்கை நம் நாட்டு உதாரணத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம். பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். காபியும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

2020 ஆகஸ்டில் ஹெச்.டி.எஃப்.சி. கம்பெனி (பாங்க் அல்ல, வீட்டுக் கடன் கொடுத்துக்கொண்டிருந்த தாய்க் கம்பெனி, 2023 ஜூலையில் பாங்கோடு இணைந்துவிட்டது) பெரிய நிறுவன முதலீட்டாளர்களுக்கு ஷேர்களை 1,760 ரூபாய்க்குக் கொடுத்தது. கூடவே மூன்று வருஷ வாரண்டுகளையும் 180 ரூபாய்க்குக் கொடுத்தது. வாரண்ட் வைத்திருப்பவர் 2,165 ரூபாய் கட்டி ஒரு ஷேர் வாங்கிக்கொள்ளலாம். 180 ரூபாய் தனி, விலையில் கழியாது.

முதல் கூட்டல்: 180-ம் 2,165-ம் 2,345. ஷேரோ 1,760-க்கே கிடைக்கிறது. ஆக வாரண்ட் வழியாக வந்தால் 585 ரூபாய் அதிகம். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விலை! மலிவு என்றோமே, அந்தப் பேச்சு இங்கேயே அடிபட்டது.

ஆனால் வாரண்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும். 180 ரூபாய் போக மீதி 1,580 உங்கள் கையில்தானே இருக்கிறது? அதைத் தலையணைக்கடியில் வைக்காமல் பாங்கில் டெபாசிட் போட்டால், ஐந்தரை சதவீதம் வட்டி என்று வைத்தால்கூட மூன்று வருஷத்தில் சுமார் 275 ரூபாய் சேரும். 585-ல் 275-ஐக் கழியுங்கள். 310.

முடியவில்லை. மாங்காயை மறந்துவிட்டோம். ஷேர்க்காரருக்கு அந்த மூன்று வருஷத்தில் 23, 30, 44 என்று ஆக 97 ரூபாய் டிவிடெண்ட் வந்தது. வாரண்ட்காரருக்கு அல்வா. 310-ம் 97-ம் 407.

இந்த 407 ரூபாய்தான் வாரண்டின் உண்மையான விலை. பில்லில் போட்டிருந்தது 180.

சரிபார்ப்போம். 2023 ஜூலையில் அந்த ஷேர் 2,700-க்கு மேலே போனது. 2,700 என்றே வைப்போம். ஷேர்க்காரரிடம் 2,700-ம் 97-ம், ஆக 2,797. ஒரு வாரண்டும் பாங்க் டெபாசிட்டுமாக வந்தவரிடம் டெபாசிட் 1,855, வாரண்டில் 2,700-லிருந்து 2,165 போக 535, ஆக 2,390. வித்தியாசம் எவ்வளவு? கழித்துப் பாருங்கள். அதே 407.

அப்படியானால் எதற்காக ஐயா பெரிய பெரிய நிறுவனங்கள் இதை வாங்கின என்று கேட்பீர்கள். 2020 ஆகஸ்ட் எப்படிப்பட்ட நேரம் என்று நினைத்துப் பாருங்கள். ஊரே முகமூடியோடு திரிந்த காலம். அந்த ஷேர் 1,000 ரூபாய்க்கு விழுந்திருந்தால் ஷேர்க்காரருக்கு 760 ரூபாய் அடி. வாரண்ட்காரர் 180-ஐக் கை கழுவிவிட்டு, டெபாசிட்டும் வட்டியுமாக 1,855-ஐ எண்ணிக்கொண்டு போயிருப்பார். அதாவது 407 ரூபாய் என்பது இன்ஷூரன்ஸ் பிரீமியம். விபத்து நடக்கவில்லையென்றால் பிரீமியம் வீண் என்று யாரும் அழுவதில்லை. எவ்வளவு பிரீமியம் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டினால் சரி.

நம்மவர்கள் செய்வது இதுவா? 1,760 ரூபாய் இருந்தால் ஒரு வாரண்ட் வாங்கி மீதியை டெபாசிட் போடுகிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை. "ஒரு ஷேர் காசுக்கு ஒன்பது வாரண்ட்!" என்று மொத்தத்தையும் கொட்டுகிறவர்தான் அதிகம். ஜெயித்தால் மூன்று மடங்கு, உண்மை, ஹெச்.டி.எஃப்.சி. கதையில் 180 ரூபாய் 535 ஆனது. ஆனால் அதே ஷேர் 2022-ல் 2,165-க்குக் கீழே போய்விட்டும் வந்தது. காலக்கெடு அந்த நேரம் பார்த்து வந்திருந்தால் ஒன்பதும் பூஜ்யம். இன்ஷூரன்ஸ் பாலிசியை லாட்டரிச் சீட்டாக மாற்றும் வித்தை இது.

மாங்காய் விஷயத்தில் கெட்டிக்காரர் ஒருவர் உண்டு. வாரன் பஃபெட். (வாரன்-வாரண்ட், பெயர்ப் பொருத்தம் ஜாதகத்திலேயே இருந்திருக்கிறது.) 2011-ல் அதே பாங்க் ஆஃப் அமெரிக்காவில் அவருடைய கம்பெனி 5 பில்லியன் டாலர் போட்டு, வருஷத்துக்கு 6 சதவீதம் தரும் முன்னுரிமைப் பங்குகளை வாங்கியது. இனாமாக 70 கோடி வாரண்டுகள்! ஒவ்வொன்றுக்கும் சுமார் 7.14 டாலருக்கு ஒரு ஷேர், பத்து வருஷம் வரை. ஷேர் 20 டாலரைத் தாண்டிய பிறகும் மனுஷர் அசையவில்லை. ஏன்? முன்னுரிமைப் பங்கில் வருஷம் 30 கோடி டாலர் வந்துகொண்டிருந்தது. 70 கோடி ஷேராக மாற்றினால் அதைவிட அதிகம் டிவிடெண்ட் வர வேண்டும் அல்லவா? வகுத்துப் பார்த்தால் ஷேருக்குக் கிட்டத்தட்ட 43 சென்ட். "டிவிடெண்ட் 44 சென்ட்டைத் தாண்டினால் மாற்றிக்கொள்வோம்" என்று தன் வருஷாந்தரக் கடிதத்திலேயே எழுதிவிட்டார். 2017-ல் பாங்க் 48 சென்ட்டாக உயர்த்தியது. ஆகஸ்டில் மாற்றிக்கொண்டார். கையில் சுமார் 17 பில்லியன் டாலர் ஷேர். காலக்கெடு வரை காத்திருப்பதா, முன்னாலேயே மாற்றுவதா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது.

இங்கே இன்று சாதாரண ஜனங்கள் எக்ஸ்சேஞ்சில் வாங்குகிற மாதிரி வாரண்ட் அபூர்வம். 1992-ல் டாடா ஸ்டீல் 300 ரூபாய்க் கடன் பத்திரத்தோடு, 100 ரூபாய்க்கு ஒரு ஷேர் வாங்கும் வாரண்டையும் ஒட்டிக் கொடுத்தது பழைய கைகளுக்கு ஞாபகம் இருக்கும். கோலாலம்பூர் சந்தையில் இன்றைக்கும் கம்பெனி பெயருக்குப் பின்னால் 'டபிள்யூ-ஏ', 'டபிள்யூ-பி' என்று வால் முளைத்த வாரண்டுகள் சென்ட் கணக்கில் விற்கின்றன. நம்மூரில் நடமாடுவது வேறு ஜாதி. அதுதான் எதிர்வீட்டு அண்ணாச்சியின் தூக்கத்தைக் கெடுத்தது.

அண்ணாச்சி மின்வாரியத்தில் ரிடையரானவர். திருநெல்வேலிப் பக்கம். தை மாதம் மகளுக்குக் கல்யாணம் வைப்பதற்காக 6 லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அதை மோப்பம் பிடித்து ஒரு பையன் வந்துவிட்டான். ஏதோ ஒரு சின்ன கம்பெனி வாரண்ட் வெளியிடுகிறதாம்.

"ஷேரு 240 ரூவா. இவன் 60 ரூவாய்க்குத் தாரேங்கான் தம்பி! 6 லட்சத்துக்கு ஷேரா வாங்குனா 2,500. வாரண்டா வாங்குனா 10,000. இதுக்கு கணக்கு வாத்தியார் எதுக்கு?"

"மீதி எப்ப கட்டணும் அண்ணாச்சி?"

"என்ன மீதி?"

பையன் அதைச் சொல்ல மறந்திருக்கிறான். பாவம், ஞாபக மறதி!

நம் நாட்டில் கம்பெனிகள் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் தனியாகக் கொடுக்கும் வாரண்டில், 'செபி' விதிப்படி விலையில் குறைந்தது கால் பங்கை முதலில் கட்ட வேண்டும். மீதி முக்கால் பங்கு 18 மாதத்துக்குள். இங்கே கால் பங்கு விலையில் கழியும். அந்த வகையில் ஊரப்பாக்கம் மனையைவிட நல்லதுதான். ஆனால் மீதியைக் கட்டாவிட்டால் கட்டியது அம்பேல், கம்பெனியே எடுத்துக்கொள்ளும். 60 என்பது 240-ல் கால் பங்கு. அண்ணாச்சி வாங்கப் போவது 6 லட்ச ரூபாய்ச் சரக்கு இல்லை. 24 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு அட்வான்ஸ். பாக்கி 18 லட்சம்.

"நடுவுல வித்துட்டு வெளிய வந்துட மாட்டமா?"

எங்கே விற்பது? இந்த ரக வாரண்டுக்குச் சந்தை கிடையாது. முழுப் பணமும் கட்டி ஷேராக மாறிய பிறகும், எக்ஸ்சேஞ்சில் வர்த்தக அனுமதி கிடைத்த தேதியிலிருந்து ஆறு மாதம் விற்கக் கூடாது என்று பூட்டு. தை மாதக் கல்யாணத்துக்கு இதில் எந்த மாதம் பணம் வரும்?

ஒரு விஷயத்தை மட்டும் அண்ணாச்சிக்கு இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. 18 மாதம் கழித்து ஷேர் 240-க்குக் கீழே வந்தால் உடனே கைவிட வேண்டும் என்பதில்லை. 60 ஏற்கெனவே போய்விட்டது. இனி கட்ட வேண்டியது 180. ஷேர் 200 ரூபாயில் இருந்தால் 180 கட்டி வாங்குவது லாபமாகத்தான் இருக்கும். (ஆறு மாதப் பூட்டை யோசித்துக்கொள்ள வேண்டும்.) 180-க்கும் கீழே போனால்தான் தலைமுழுக்கு. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் 18 லட்சம் கையில் இருப்பவருக்கு. பணமில்லாதவருக்கு ஷேர் 400-க்குப் போனாலும் 6 லட்சம் காலி. ஜெயித்த குதிரைக்கும் பந்தயப் பணம் கிடைக்காத ஒரே ஆட்டம் இதுதான்.

அண்ணாச்சி இரண்டு நாள் வாசல் திண்ணையில் யோசித்தார். மூன்றாவது நாள் பையன் வந்தபோது, "மீதி 18 லட்சத்துக்கு உங்க அப்பா ஜாமீன் கையெழுத்துப் போடுவாராய்யா?" என்று கேட்டிருக்கிறார். பையன் அப்புறம் அந்தத் தெருவிலேயே தென்படவில்லை.

பெரிய மனிதர்களுக்கு இந்த வாரண்ட் வேறு மாதிரி சௌகரியம். 2009-க்கு முன்பு கால் பங்குகூட வேண்டாம், 10 சதவீதம் கட்டினால் போதும். 2007 ஏப்ரலில் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸின் உரிமையாளர் தரப்பு 1,402 ரூபாய் விலையில் 12 கோடி வாரண்ட் எடுத்தது இந்த வழியில்தான். 2008 அக்டோபர் முதல் வாரத்தில் மீதி 15,142 கோடியை முழுசாகக் கட்டி ஷேராக மாற்றிக்கொண்டார்கள். அன்று சந்தை விலை 1,402-க்கு மேலே இருந்தது. மாதக் கடைசியில் அதற்கும் கீழே விழுந்தது. அந்த வீழ்ச்சியில் வேறு பல கம்பெனி முதலாளிகள் 10 சதவீதத்தை மறந்துவிட்டு நைசாக ஒதுங்கிக்கொண்டார்கள். 2009-ல்தான் செபி 25 சதவீதமாக உயர்த்தியது.

கடைசியாக, வாரண்டே வாங்காதவருக்கு வரும் செலவு. ஒரு கம்பெனிக்கு ஒரு கோடி ஷேர். 240 ரூபாய்க்கு 25 லட்சம் வாரண்ட் கொடுக்கிறது. 18 மாதத்தில் வியாபாரம் நன்றாக நடந்து ஷேர் 400 ரூபாய் பெறும் நிலை, அதாவது மொத்தம் 400 கோடி. வாரண்ட்காரர்களின் பணம் ஆக 60 கோடி உள்ளே வருகிறது. 460 கோடியை ஒன்றே கால் கோடி ஷேருக்குப் பங்கு போட்டால் 368. உங்கள் ஒவ்வொரு ஷேரிலிருந்தும் 32 ரூபாயைச் சத்தமில்லாமல் உருவியாகிவிட்டது. ஷேர் படுத்துவிட்டாலோ, முன்பணம் 15 கோடி கம்பெனிக்கு மிச்சம். ஆனால் படுத்த ஷேர் முழுசாக உங்கள் தலையில். பஃபெட்டுக்கு வந்த 'இனாம்' வாரண்டுக்கும் இதே மாதிரி யாரோ பாங்க் ஆஃப் அமெரிக்காவின் ஷேர்க்காரர்கள்தான் காசு கொடுத்தார்கள்.

இதையெல்லாம் நம்மிடம் கேட்காமல் செய்ய முடியாது. ஷேர் ஹோல்டர்களின் ஓட்டில் முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். அதற்கான நோட்டீஸ் ஈமெயிலில் வரும்; யார் யாருக்கு வாரண்ட், என்ன விலை, அதற்கப்புறம் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பொடி எழுத்தில் அட்டவணை இருக்கும். நான் 200 ஷேர் வைத்திருக்கும் கம்பெனியிலிருந்து போன வருஷம் அப்படி ஒன்று வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அட்டவணை வரை படித்து, கம்ப்யூட்டரில் 'எதிர்க்கிறேன்' என்று அழுத்தினேன். இரண்டு நாளில் முடிவு வந்தது. தீர்மானம் அமோகமாக நிறைவேறியிருந்தது. எதிர்த்து விழுந்த ஓட்டு மொத்தம் 1,140. அதில் 200 என்னுடையது.